கல்லறைத் தோட்டத்தில் துரை

செல்லபாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் நீண்டால் மறுநாள் ஒரு பிடி முருங்கைக்கீரையைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் ஆகிவிடலாம். கர்த்தரிடமே நீண்டால் யார் என்ன செய்ய முடியும்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அப்படித்தான் அவள் கெட்டாள்.

போன ஐப்பசி மழையில் அவளுடைய செவலை ஆடு குட்டிபோட முடியாமல் கிடந்து கத்தியது. கைப்பக்குவம் தெரிந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனார்கள். செல்லபாய் ஆட்டுச் சாணியிலேயே முழங்கால் போட்டு, இந்தக் குட்டி உயிரோடு வந்தால் வருகிற அறுப்பின் பண்டிகைக்கு அதை உமக்கே தந்துவிடுகிறேன் என்று பொருத்தனை பண்ணினாள். ஒரு சேவல் என்று சொல்லியிருக்கலாம். ஓர் ஏத்தன் வாழைக்குலை என்று சொல்லியிருக்கலாம். கர்த்தர் என்ன சந்தைக்கடையில் நின்று பேரமா பேசப்போகிறார்? பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். சொல்லி வாய் மூடுவதற்குள் குட்டி வந்து விழுந்தது. தாய் ஆடு பிழைக்கவில்லை.

பொருத்தனை என்றால் பூவரசன்விளைச் சபையில் விளையாட்டுக் காரியம் இல்லை. கொடுப்பேன் என்று சொன்னதைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காதவர்கள் வீட்டில் என்னென்ன நடந்தது என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

பெற்ற பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. வீட்டில் செல்லபாயும் புருஷன் தங்கையனும்தான். தாயில்லாத குட்டி அடுப்படியில் படுத்தது, சிரட்டையில் கஞ்சி குடித்தது, அவள் முந்தானையைச் சப்பியது. வளர வளர அதற்கு வெள்ளைவெளேர் என்று மேனியும், சிவந்த மூக்கும், நாடியில் வெள்ளைத் தாடியும் வந்தன. யாரையும் ஒரு பொருட்டாக மதிக்காமல் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்க்கும். அதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் அவள் வாய் தன்னை அறியாமல் துரை என்று கூப்பிட்டுவிட்டது. சொன்னேனே, வாய் நீளம் என்று.

துரை என்றால் அந்தக் காலத்தில் அங்கே ஒருவர்தான். நாகர்கோவிலிலிருந்து வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மோட்டாரில் வந்து சபையைப் பார்வையிடும் வெள்ளைக்கார மிஷனெரி. அவருக்கும் இதே தாடி, இதே மூக்கு. ஆட்டின் பேர் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியும். டீக்கனார் காதுக்குமட்டும் போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

டீக்கனார் ஜான்ரோஸைப் பற்றிச் சொல்லவேண்டும். கருப்பட்டி மொத்த வியாபாரம். குளச்சல் சந்தையில் அவர் சொன்னதுதான் விலை. கோயில் கமிட்டியிலும் அப்படித்தான். தாராள மனசுக்காரர், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் ஆட்டிறைச்சி என்று வந்துவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். கல்யாண வீட்டில் இலை போட்டதும் முதலில் எந்தப் பக்கமிருந்து பரிமாறுகிறார்கள் என்று பார்த்து அந்தப் பக்கம் போய் உட்காருவார்.

கொல்லம் 1106-ம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1930. கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து அறுப்பின் பண்டிகை நெருங்கியது. வழக்கமாகச் சபையார் கொண்டுவரும் நெல், தேங்காய், கோழி, ஆடு எல்லாவற்றையும் கோயில் முற்றத்தில் வைத்து ஏலம் போடுவார்கள். செல்லபாய் ஆடிமாதத்திலிருந்தே அதைத்தான் நம்பியிருந்தாள். ஒரு கையால் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டு மறு கையால் ஏலத்தில் எடுத்துக்கொள்வது. கர்த்தருக்கும் குறையில்லை, தனக்கும் குறையில்லை.

அந்த நினைப்பில் டீக்கனார் மண்ணைப் போட்டார். முந்தைய வருஷம் ஒரு தென்னம்பிள்ளைக்கு ஏலத்தில் மல்லுக்கு நின்ற இரண்டு குடும்பங்கள் அன்றிலிருந்து கோயிலுக்கே வருவதில்லை. அதனால் இந்த வருஷம் ஏலமே கிடையாது, வருவதையெல்லாம் சமைத்துச் சபையார் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து அசனம் சாப்பிடலாம், மனசும் ஒன்றாகும் என்று கமிட்டியில் சொன்னார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கூட்டம் முடிந்து நேராக அவர் செல்லபாய் வீட்டுக்கு வந்து துரையின் முதுகெலும்பை அமுக்கிப் பார்த்து, கிடா கொஞ்சம் வாடினாற்போல இருக்கிறதே, புண்ணாக்கு வைக்கிறாயா என்று விசாரித்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்த வருஷம் வேறு யாரும் கிடா கொடுப்பதாகவும் இல்லை.

அன்றைக்குச் செல்லபாய்க்குச் சோறு இறங்கவில்லை. கொடுக்காமல் இருக்கவும் முடியாது, கொடுக்கவும் மனசில்லை. ஆட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது அவள் கம்மலைத் தின்னப் பார்த்தது.

இதற்கு நடுவில் தங்கையனுக்கு ஒரு தலைவலி. தங்கையன் அந்தச் சபையின் கோயில்குட்டி. மணியடிப்பது, பெருக்குவது, விளக்குத் துடைப்பது, கல்லறைத் தோட்டத்தில் புல் அறுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. மணியடிக்கக் குனிய வேண்டாம். புல் அறுக்கக் குனியவேண்டுமே! அவனுக்கு முதுகுப்பிடிப்பு. வைகாசியில் தொடங்கிய இடவப்பாதி மழை கொட்டித் தீர்த்ததில் கல்லறைகளுக்குமேல் புல் இடுப்பளவு நின்றது. சித்திரையில் வந்த துரை, அதாவது நிஜத் துரை, அப்போதே பாதி வளர்ந்திருந்த புல்லுக்குள் காலை விட்டு, அமுங்கிக் கிடந்த ஏதோ ஒரு பழைய குழியில் முழங்கால்வரை இறங்கிவிட்டார். நான்குபேர் பிடித்துத் தூக்கினார்கள். தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, இது தோட்டமா காடா என்று சுத்தத் தமிழில் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த தடவை சொல்லாமல் வருவேன் என்றும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து டீக்கனார் தங்கையனைக் காணும்போதெல்லாம் புல் என்ன ஆச்சு என்றுதான் கேட்பார்.

இப்படி ஒருநாள் தங்கையன் அறுத்ததைவிட நெடுமூச்சு விட்டதே அதிகமாக இருந்த நேரத்தில், செல்லபாய் அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். கூடவே வந்த துரை கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து ஒரு குழியின் தலைமாட்டில் நின்று மேயத் தொடங்கியது. மதில் ஓரமாய் மோர்ப்பானையோடு போய்க்கொண்டிருந்த சொர்ணம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் இந்தச் சபை இல்லை, அய்யாவழிக்காரி, அடுத்த தெரு. செல்லபாய்க்குச் சின்ன வயசிலிருந்தே கூட்டு.

"ஏட்டி செல்லபாயி, ஆட்ட வெளிய இழு," என்றாள். "செத்தவங்க மேல மொளச்ச புல்லாக்கும். அதத் தின்ன ஆட்ட பெறகு எவன் திம்பான்?"

செல்லபாய் ஆட்டை இழுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சொர்ணம்மாளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் என்று தோன்றியது. தலையில் மோர்ப்பானை இருந்ததால் விட்டாள்.

அன்று சாயங்காலமே புருஷனைப் பிடித்தாள். நீங்கள் முதுகை ஒடித்துக்கொண்டு அறுக்க வேண்டாம், துரை பார்த்துக்கொள்வான் என்றாள். தங்கையனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அவன் கமிட்டியில் போய்ச் சொன்னான். கோயிலில் பிரசங்கம் பண்ணும் உபதேசியார் மட்டும், கல்லறைகளின்மேல் மிருகம் நடமாடுவது மரியாதையாக இருக்குமா என்று இழுத்தார். டீக்கனாருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. புல்லும் ஒழியும், கிடாவும் கொழுக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நாளைக்கே அவிழ்த்துவிடு என்றார்.

மறுநாளிலிருந்து துரை வேலைக்குப் போனது. வேலை செய்ததும் வேலைக்காரன் மாதிரியேதான். வெள்ளாட்டுக்குப் புல்லைவிட இலைதழைமேல் ஆசை. முதலில் குரோட்டன் செடிகளை மொட்டையடித்தது; யாரோ வைத்துவிட்டுப் போன செம்பருத்தி மாலையைத் தின்றது; அதன்பிறகு வேறு வழியில்லாமல் புல்லுக்கு வந்தது. வந்தபிறகு குறைசொல்ல முடியாது. வரிசை வரிசையாய்க் கல்லறைகள் வெளியே தலைகாட்டின. மறந்துபோன மாமன் சித்தப்பன் பேர்களெல்லாம் வெயிலைப் பார்த்தன.

செல்லபாய் தன் பங்குக்கு ஊரெல்லாம் சேதி சொன்னாள். கிணற்றடியில் தண்ணீர் கோரும்போது, இன்றைக்கு உங்கள் மாமனார் தலைமாட்டில்தான் நின்றான், நல்ல இளம்புல்லு, வயிறு நிறைந்துவிட்டது என்பாள். கோயிலுக்குப் போகிற வழியில், நேற்று முழுக்க உங்கள் பெரியம்மை குழியில்தான், அவர்கள் உயிரோடு இருக்கும்போதும் வந்தவர்களைச் சும்மா அனுப்பமாட்டார்களே என்பாள். கேட்டவர்கள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! ஒவ்வொருவராய்க் கழன்றார்கள். பள்ளிக்கூட வாத்தியார் செல்வன் தனக்கு வயிறு சரியில்லை, அசனத்துக்குப் பருப்பும் சோறும் போதும் என்றார். அவர் சொன்னதும் ஊரில் பாதிப்பேருக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. மேலத்தெரு லீலாபாய் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, எங்கள் மாமியார் குழியில் கொஞ்சம் வேரோடு மேய விடு என்று கேட்டுக்கொண்டாள்.

செல்லபாய்க்கு மனசில் பால் வார்த்தமாதிரி இருந்தது. யாரும் தின்னமாட்டார்கள் என்றால் எதற்கு அறுக்கப் போகிறார்கள்? கோயிலுக்குக் கொடுத்தது கோயிலிலேயே நிற்கும், புல்லைத் தின்றுகொண்டு.

டீக்கனார் இருக்கிறாரே! ஊர்ப் பேச்சு காதுக்கு வந்ததும் அவர் சிரித்தார். ஊரார் அப்பன் பாட்டன் மேல் முளைத்த புல்லைத் தின்றால் எனக்கென்ன நஷ்டம் என்றார். இங்கே யாரும் தின்னாவிட்டால் பக்கத்துச் சபையாரை அழைத்து அசனம் போட்டுவிடலாம், அவர்களுக்கு எது யார் குழி என்று தெரியவா போகிறது? ஆனால் தன் காரியத்தில் மட்டும் அவர் உஷார். அவருடைய அம்மை சத்தியபாய் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் குழியைச் சுற்றி ஆளை விட்டு உடைமுள் வெட்டி நெருக்கமாக வேலி போட்டார்.

"எனக்க அம்மைக்க குழியில அது வாய் வைக்கப்பிடாது, கேட்டியா," என்று தங்கையனிடம் சொன்னார். "அது மட்டும் இல்லண்ணா போதும். பெறகு எனக்கு ஒரு கொறையும் இல்ல."

சொன்னவர் தோட்டத்துக்குள் வரவில்லை. வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் கல்லறைத் தோட்டம் முழுக்கப் பாய் விரித்தாற்போல் சுத்தமாகி, நட்ட நடுவில் டீக்கனாரின் அம்மை குழி மட்டும் முள்வேலிக்குள் காடாய் நின்றது. ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. செல்லபாய் சிரிக்கவில்லை.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில், நாளைக்குக் குளச்சலிலிருந்து கசாப்புக்காரர் வருகிறார், கிடாவுக்கு இன்றைக்கே வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவை என்று டீக்கனார் வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். செல்லபாய் மத்தியானம்வரை பித்துப் பிடித்தமாதிரி இருந்தாள். பிறகு ஆட்டை ஓட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். முள்வேலியில் ஒரு பக்கத்தைக் கையில் கீறல் விழ விழ இழுத்துப் போட்டாள். துரையை உள்ளே தள்ளினாள்.

ஒரே ஒரு வாய் தின்றால் போதும். போய் டீக்கனாரிடம், உங்கள் அம்மை குழிப் புல்லைத் தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். தின்னாமலே தின்றது என்று சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஏற்கெனவே கர்த்தரோடு ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. அதன்மேல் பொய்யும் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. அதனால் அது தின்றே ஆகவேண்டும்.

அது தின்னவில்லை. வயிறு ஊர்ப்பட்ட குழிகளில் மேய்ந்து நிறைந்திருந்தது. வேலிக்குள் யாரும் தொடாத புல் கோரை மாதிரி முற்றிக் கிடந்தது. துரை மோந்து பார்த்தது, தும்மியது, அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கெஞ்சினாள், திட்டினாள், மூக்கைப் பிடித்துப் புல்லுக்குள் அமுக்கினாள். தாடிதான் அழுக்காயிற்று.

அந்த நேரம் பார்த்துக் குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் இசபெல் தலையில் கடவப்பெட்டியோடு வந்தாள். செல்லபாய் வீட்டில் ஆளில்லை. கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த தங்கையனிடம், செல்லபாய் எங்கே, சாளை வேண்டுமா என்று கேட்டாள். தங்கையனுக்கு வாய் நிறைய வெற்றிலை.

"துரைகூட நிக்கா," என்றான், "டீக்கனாருக்க அம்மைக்க குழியாண்ட."

இசபெல் கடற்கரைக்காரி, வேறு சபை. பூவரசன்விளையில் ஓர் ஆட்டுக்குத் துரை என்று பேர் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் அடுத்து மீன் கொடுக்கப் போனது டீக்கனார் வீட்டுக்கு. அவர் துண்டோடு சாய்ந்திருந்தார். கடவத்தை இறக்கிக்கொண்டே அவள் சேதியைச் சொன்னாள். சேதியைச் சொல்லும்போது மரியாதையையும் சேர்த்துத்தானே சொல்லவேண்டும். துரையைப் போய் நிக்குது என்று யாராவது சொல்வார்களா?

"துரை வந்து நிக்காரே, ஒங்க அம்மைக்க குழியாண்ட," என்றாள். "நீங்க அறியலியா?"

டீக்கனாருக்கு உயிர் ஒருதரம் போய்வந்தது. சொல்லாமல் வருவேன் என்று சொன்ன மனிதர் சொல்லாமல் வந்துவிட்டார். வந்தவர் தோட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். எல்லா இடமும் சுத்தம். போயும் போயும் அந்த ஓர் இடத்தில் போய் நிற்கிறார். கார் சத்தம் கேட்கவில்லையே என்று யோசிக்கிற புத்திகூட அவருக்கு அப்போது இல்லை. துரை வரும்போது மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டைப் பெட்டியிலிருந்து இழுத்தார். உள்ளே சட்டை போட மறந்து வெற்றுடம்பில் அதை மாட்டிக்கொண்டு, பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டபடி ஓடினார். வழியெல்லாம் பாச்சை உருண்டை மணத்தது.

செல்லபாய் தலை நிமிர்ந்தபோது டீக்கனார் மூச்சிரைக்க எதிரே நின்றார். வேலியைப் பிரித்த கையும் களவுமாக அகப்பட்டாயிற்று என்று அவளுக்குக் கை கால் ஓடவில்லை. டீக்கனார் வேலியைப் பார்க்கவே இல்லை. நாலு பக்கமும் கழுத்தைத் திருப்பினார்.

"துரை எங்க?" என்றார்.

இந்தப் பேர் இவருக்கு எப்படித் தெரிந்தது? எவளோ சொல்லிக்கொடுத்துவிட்டாள் என்று செல்லபாய் நினைத்தாள். மறைத்துப் பயனில்லை.

"இங்கதான்," என்றாள். நிக்கு என்பதா நிக்காரு என்பதா என்று தெரியாமல் மீதியை விழுங்கிக்கொண்டாள்.

தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார் என்று டீக்கனார் எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோவமா இருக்காரா?" என்று கேட்டார்.

"கோவந்தான் போல இருக்கு," என்றாள் செல்லபாய், அழமாட்டாக் குறையாக. "எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாச்சு. ஒரு வாய் திங்கல்ல."

டீக்கனாருக்கு விளங்கிவிட்டது. கோபத்தில் துரை சாப்பிடவே மாட்டேன் என்றுவிட்டாரா! மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கோட்டோடு மண்டியிட்டார். இரண்டு கையாலும் புல்லைப் பறிக்கத் தொடங்கினார். கருப்பட்டி மூட்டை தூக்கி வளர்ந்த கை. முற்றின புல் வேரோடும் மண்ணோடும் வந்தது.

வெள்ளாட்டுக்கு ஒரு குணம் உண்டு. தரையில் நிற்பதை மோந்து பார்த்துத் தள்ளும். அதையே ஆள் கையில் பிடித்தால் அமிர்தம். துரை இரண்டடி முன்னால் வந்து டீக்கனார் கையிலிருந்த புல்லில் வாய் வைத்தது. அவர் முழங்கையால் தள்ளினார். அது தோள் வழியாக எட்டியது. தொந்தரவு பொறுக்காமல் ஒரு பிடியை அதன் வாயில் திணித்துவிட்டு அடுத்த பிடியைப் பறித்தார். கண் வாசல் பக்கம், ஒரு கை புல்லில், ஒரு கை ஆட்டின் வாயில். பறிக்கப் பறிக்க அது தின்றது. செல்லபாய் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராதது அன்றைக்குத்தான்.

புல் விலகி மண் தெரிந்தது. மண்ணுக்கு மேல் கல் தெரிந்தது. கல்லில் பாசி ஏறி எழுத்து மங்கியிருந்தது. டீக்கனார் கோட்டுக் கையால் அதைத் துடைத்தார். சத்தியபாய் என்று வந்தது. அவர் கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். செல்லபாயால் முடியுமா?

"டீக்கனாரே," என்றாள் மெதுவாக. "துரை தின்னாச்சு."

"யாரு?"

"இவந்தான். எனக்க கிடா. இவனுக்குப் பேரு துரை. தப்புதான், என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா ஒங்க அம்மைக்க குழிப் புல்லு, ஒங்க கையாலயே குடுத்திய. நான் கர்த்தருக்குத் தந்தது தந்ததுதான், திரும்பக் கேக்கல்ல. உசுரோட வச்சு வேல வாங்குங்க. அறுக்காதிய."

டீக்கனார் ஆட்டைப் பார்த்தார். வெள்ளைத் தாடியைப் பார்த்தார். சிவந்த மூக்கைப் பார்த்தார். ஆடு மென்றபடி, இவனெல்லாம் ஓர் ஆளா என்பதுபோல் மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அவருக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு தொப்பை குலுங்கியது. கோட்டில் மாற்றிப்போட்ட பொத்தான் ஒன்று தெறித்து விழும்வரை சிரித்தார். செல்லபாய்க்குச் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை.

"எனக்க அம்மை இதப் பாத்திருந்தா சிரிச்சுச் சிரிச்சே செத்திருப்பா," என்றார். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போலிருக்கிறது. சிரிப்பு நின்றுபோயிற்று. கல்லுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

அவளைப் பார்க்காமல் சொன்னார். "எனக்குப் பயம், செல்லபாயி. அவ போனண்ணைக்கு நான் திருவனந்தபுரத்துல யாவாரம் பேசிட்டு இருந்தேன். இங்க வந்தா, எங்கலே போயிருந்தேண்ணு கேப்பாண்ணு பேடி. அதாக்கும் வாசலோட போயிருவேன்."

கருப்பட்டியைத் தலையில் சுமந்து விற்று அவரை ஆளாக்கியவள் சத்தியபாய். அவள் கடைசி மூச்சு விடும்போது பக்கத்தில் இருந்து வாயில் தண்ணீர் விட்டவர்களில் செல்லபாயும் ஒருத்தி. இத்தனை வருஷமாக இவரிடம் இதைச் சொல்லவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் நீண்ட வாய், சொல்லவேண்டிய இடத்தில் நீளவில்லை. இவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

"கேக்கமாட்டா," என்றாள். "கடைசியாட்டு எங்ககிட்ட ஒண்ணுதான் கேட்டா. ஜான்ரோசு ஏதாம் தின்னானாண்ணு கேட்டா. தின்னாண்ணு சொன்னோம். பெறகு கண்ண மூடிட்டா."

டீக்கனார் தலையைக் குனிந்தார். தோள் குலுங்கியது. இந்தத் தடவை அது சிரிப்பில்லை. துரை வந்து அவர் காலி கையை மோந்து பார்த்தது, விரலை நக்கியது. அவர் முகத்தைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, நாளைக்குக் கசாப்புக்காரர் வரவேண்டாம் என்றார். குழியின் தலைமாட்டில் மிச்சம் நின்ற புல்லில், தேடிப் பார்த்து, இளசாக இருந்த இடத்தில் ஒரு கை பறித்தார். மண்ணை உதறினார். ஆட்டின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"தின்னு, மக்கா," என்றார். "வயிறு நெறயத் தின்னு."